சந்திரயான்-2 தரவை வைத்து நிலவின் வேதி வரைபடம் போடுவது எப்படி

நிலவைச் சுற்றும் கலத்தில் இருக்கும் ஒரு பெட்டி, 100 கிலோமீட்டர் கீழே கிடக்கும் மண்ணில் அலுமினியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. தொடுவதும் இல்லை, தோண்டுவதும் இல்லை. அந்தப் பெட்டியின் பெயர் கிளாஸ். பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் செய்தது, 2019 ஜூலை 22-ல் கிளம்பிய சந்திரயான்-2 சுற்றுக்கலத்தில் போனது. லேண்டர் விழுந்ததோடு அந்தப் பயணமே முடிந்துவிட்டது என்று இன்னமும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சுற்றுக்கலம் அதற்கப்புறமும் வருடக்கணக்கில் சுற்றி, நிலவின் வேதியியலைப் பற்றி இதற்கு முன் யாரிடமும் இல்லாத அளவு தரவைக் குவித்திருக்கிறது. அதை இஸ்ரோ எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு சாதாரண மடிக்கணினி, கொஞ்சம் பைத்தான், நிறையப் பொறுமை இருந்தால் நீங்களே ஒரு வரைபடம் போடலாம். கல்லூரியில் இயற்பியலோ புவியியலோ படிப்பவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதை எடுத்துக்கொண்டால் ரொம்ப நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நிலவின் வரைபடம் போட உட்காருபவர் முதலில் படிக்க வேண்டியது சூரியனை.

காரணம் இதுதான். சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர் நிலவின் மண்ணில் படும்போது, அங்கே இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு எக்ஸ் கதிரைத் திருப்பி உமிழ்கிறது. சோடியத்துக்கு 1.04, மெக்னீசியத்துக்கு 1.25, அலுமினியத்துக்கு 1.49, சிலிக்கானுக்கு 1.74, கால்சியத்துக்கு 3.69, டைட்டானியத்துக்கு 4.51, இரும்புக்கு 6.40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். நிலவில் காற்று இல்லாததால் அது அப்படியே மேலே வந்து கலத்தின் உணரியில் விழுகிறது. எந்த ஆற்றலில் எத்தனை விழுந்தது என்று எண்ணினால் எந்தத் தனிமம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஆனால் ஒரு தனிமத்தை உமிழவைக்க, அது உமிழும் ஆற்றலைவிட (இந்த உமிழ்வைத்தான் அதன் வரி என்பார்கள்) சற்று அதிக ஆற்றலுள்ள கதிர் வந்து அடிக்க வேண்டும். மெக்னீசியத்துக்கு 1.3-க்கு மேல் இருந்தால் போதும், இரும்புக்கு 7.1-க்கு மேல் வேண்டும். அமைதியாக இருக்கும் சூரியனிடமிருந்து அவ்வளவு ஆற்றலில் ஏறக்குறைய எதுவுமே வராது. அதனால்தான் சூரியன் சும்மா இருக்கும் நாளில் எடுத்த தரவில் இரும்பைத் தேடினால் கிடைக்காது. இரும்பு நிலவில் இல்லாமல் போய்விடவில்லை, அதை எழுப்ப ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

இதே முறையை 1971, 1972-ல் அப்பல்லோ 15, 16 கலங்கள் சுற்றுப்பாதையிலிருந்து செய்து பார்த்தன. நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு பட்டை மட்டும்தான் கிடைத்தது. சந்திரயான்-1-ல் போன எக்ஸ் கதிர் கருவிக்கு வாய்த்தது 2008, 2009-ன் சூரியன், மிக மிக அமைதியான காலம், உயர் ஆற்றல் கதிரைக் கொட்டும் சூரிய வெடிப்புகளான சுடர்கள் கிடைத்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். சந்திரயான்-2-க்கு அந்த அதிர்ஷ்டம் வேறு மாதிரி அமைந்தது. 2019 டிசம்பரில் சூரியனின் உக்கிரம் ஏறியிறங்கும் சுழற்சியின் அடிமட்டம், பிறகு 2024 வரை வருடா வருடம் சூரியன் உக்கிரமாகிக்கொண்டே போனது. ஆக, 2020 தரவிலிருந்து தொடங்காதீர்கள், 2021-க்குப் பிறகு வந்ததை எடுங்கள். 2024 வரை, எவ்வளவு பிந்தைய வருடத்தை எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்ல சுடர்கள் கிடைக்கும்.

என்னென்ன வேண்டும்

தரவு இருப்பது இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் பிரதான் தளத்தில். மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் போதும், கட்டணம் கிடையாது. அங்கிருந்து இரண்டு கருவிகளின் கோப்புகளை எடுங்கள். ஒன்று கிளாஸ். இன்னொன்று எக்ஸ்எஸ்எம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்த சூரியக் கண்காணிப்புக் கருவி, அதே கலத்தில் இருந்துகொண்டு சூரியனின் நிறமாலையை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற பதிவை, நொடிக்கு ஒன்று வீதம் எடுக்கிறது. கிளாஸை மட்டும் இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உணரியின் நடத்தையைச் சொல்லும் துணைக் கோப்புகளும் கருவிக் கையேடும் அதே தளத்தில் இருக்கின்றன, அவற்றையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

மென்பொருள் என்று பார்த்தால், விண்வெளித் தரவு வரும் ஃபிட்ஸ் வகைக் கோப்பைத் திறக்க பைத்தானின் ஆஸ்ட்ரோபை, நிறமாலையைப் பொருத்திப் பார்க்க நாசாவின் எக்ஸ்ஸ்பெக், வரைபடம் போட கியூஜிஐஎஸ். எல்லாமே இலவசம். எக்ஸ்ஸ்பெக் லினக்ஸிலும் மேக்கிலும்தான் சுகமாக ஓடும், விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவுவதற்கே ஒரு நாள் போய்விடலாம், அதற்காக மனம் தளர வேண்டாம்.

ஒரு நாள் தரவை இறக்கியதும் கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் திகைக்கக் கூடாது. கிளாஸ் 8 நொடிக்கு ஒரு நிறமாலை எடுக்கிறது, அப்படியென்றால் முழு நாளுக்கு 10,800 கோப்புகள் வரை வரும். கலம் தரைக்கு மேல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, 8 நொடியில் 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கருவி ஒரே நேரத்தில் பார்க்கும் தரைப்பரப்பும் 12.5-க்கு 12.5 கிலோமீட்டர். அதனால் ஒரு கோப்பு என்பது நிலவின் மேல் ஒரு சதுரம். அதன் நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, சூரியன் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதெல்லாம் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கும்.

ஒரே ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்

ஆயிரக்கணக்கான கோப்புகளை ஓட்டும் நிரல் எழுதுவதற்கு முன், பெரிய சுடர் ஒன்றின் நடுவில் எடுத்த ஒரே கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஆற்றலைச் சிறு படிகளாகப் பிரித்த 2048 சானல்கள் இருக்கும், ஒரு சானலுக்கு 13.5 எலெக்ட்ரான் வோல்ட். 93-ஆவது சானல் பக்கத்தில் மெக்னீசியம், 110 பக்கத்தில் அலுமினியம், 129 பக்கத்தில் சிலிக்கான். மூன்று மேடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒன்றின் சரிவு அடுத்ததன் காலில் போய் முடியும். கடல் என்று நாம் அழைக்கும் கருமையான எரிமலைச் சமவெளிக்கு மேல் எடுத்ததென்றால் நடுமேடு குள்ளமாகத் தெரியும், வெளுத்த மேட்டுநிலத்துக்கு மேல் எடுத்ததென்றால் அதே நடுமேடு எழுந்து நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் மற்ற கணக்கெல்லாம் எதற்கு என்று தானாகப் புரியும்.

அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் நிலவின் பிறப்பே இருக்கிறது. தொடக்கத்தில் நிலவின் மேற்பகுதி உருகிய பாறைக்குழம்பாக இருந்தது, அது ஆறும்போது கனமான கனிமங்கள் கீழே போக, அலுமினியமும் கால்சியமும் நிறைந்த லேசான ஃபெல்ட்ஸ்பார் மேலே மிதந்து உறைந்து மேலோடானது. அந்தப் பாறைதான் அனார்த்தோசைட். நம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அதே வகைப் பாறை இருக்கிறது, சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் சோதிக்கத் தேவைப்பட்ட செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அங்கிருந்து எடுத்த பாறையை அரைத்துத்தான் செய்தது. பிற்பாடு உள்ளிருந்து வெளியே வழிந்த எரிமலைக் குழம்பு, இரும்பும் மெக்னீசியமும் அதிகமாக, பள்ளங்களை நிரப்பியது. உங்கள் வரைபடத்தில் தெரியப்போவது முக்கியமாக இந்த இரண்டு கதைகளும்தான்.

எந்த நேரத்துத் தரவை எடுப்பது

அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் பதிவு செய்த சூரியச் சுடர்ப் பட்டியல் பொதுவில் கிடைக்கும். அதை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுடர்களின் வலிமையை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஏறுவரிசையில் வகைப்படுத்துவார்கள். ஏ, பி வகைச் சிறு சுடர்களில் மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் மூன்றும் கிடைத்துவிடும். கால்சியத்துக்கு சி வகை வேண்டும். டைட்டானியத்தையும் இரும்பையும் நம்பிச் சொல்ல எம் வகையோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. சுடர் உச்சத்தில் இருந்த நேரத்தில் கலம் நிலவின் பகல் பக்கத்தில் இருந்ததா, அந்த இடத்தில் சூரியன் தலைக்கு மேலிருந்து 60 பாகைக்குள் இருந்ததா, எக்ஸ்எஸ்எம் கருவியின் பார்வையில் சூரியன் இருந்ததா என்று மூன்றையும் பாருங்கள். கலத்தின் சுற்றுத்தளம் விண்வெளியில் திசை மாறாமல் இருக்க, நிலவு பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுவதால், வருடத்தில் சில மாதங்கள் கலம் நிலவின் விடியல், அந்தி ஓரமாகவே போய்க்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் தரையில் விழும் வெளிச்சம் சாய்ந்து கிடப்பதால் கிளாஸுக்கு லாபம் குறைவு.

பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களையும் ஒதுக்கிவிடுங்கள், குறைந்தபட்சம் முதல் முயற்சிக்கு. அப்போது நிலவு பூமியின் காந்த வாலுக்குள் இருக்கும், அங்கே திரியும் மின்துகள்கள் உணரியைத் தொந்தரவு செய்து பின்னணியை ஏற்றியிறக்கும்.

பின்னணி என்றதும், அதைக் கழிக்கும் முறை எளிதுதான். அதே நாளில், முடிந்தால் அதே சுற்றில், கலம் இரவுப் பக்கத்துக்கு மேல் போனபோது எடுத்த கோப்புகளைக் கூட்டிச் சராசரி எடுங்கள். அங்கே சூரியன் இல்லை, ஆகவே நிலவிலிருந்து ஒளிர்வும் இல்லை, உணரியில் விழுந்தது எல்லாமே பின்னணி. போன மாதத்துப் பின்னணியை இந்த மாதத்துக்கு எடுத்து ஒட்டாதீர்கள்.

சூரியனைக் கழிப்பது

இங்கேதான் நேரம் எடுத்துச் செய்ய வேண்டும்.

கடை விளக்கில் பார்த்த புடவையின் நிறம் வீட்டு வெளிச்சத்தில் வேறாகத் தெரிவது போலத்தான் இதுவும். மண் மாறவில்லை, மேலே விழும் கதிர் மாறினால் மேடுகளின் உயர விகிதம் மாறிவிடும். ஒரு சுடர் உச்சத்தில் மிகச் சூடாக இருக்கும், பிறகு ஆறிக்கொண்டே வரும். ஆற ஆற அதன் எக்ஸ் கதிர் மென்மையாகிறது, மெக்னீசியத்தை எழுப்பும் கதிர் மிஞ்ச, சிலிக்கானை எழுப்பும் கதிர் அதைவிட வேகமாகக் குறைகிறது. அது ஒரு பத்து நிமிடம் ஆறுகிறது என்றால், அதற்குள் கலம் 900 கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. சூரியனைக் கணக்கில் எடுக்காமல் விகிதத்தை மட்டும் வரைந்தால், அந்த 900 கிலோமீட்டர் நீளத்துக்கும் மெக்னீசியம் சீராக ஏறிக்கொண்டே போவதுபோல ஒரு கோடு கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கும், முழுக்கப் பொய். வடக்கு தெற்காக நீளக் கோடுகள் ஓடும் வேதி வரைபடத்தை எங்காவது பார்த்தால், பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் வேறு வேறு நிறத்தில் இருந்தால், சூரியனைச் சரியாகக் கழிக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

ஆகவே ஒவ்வொரு 8 நொடிக்கும், அதே 8 நொடியில் எக்ஸ்எஸ்எம் பதிவு செய்த சூரிய நிறமாலையை எடுத்து, சுடரின் வெப்பநிலையைப் பொருத்திக் கண்டுபிடித்து, அதை உள்ளீடாகக் கொடுக்க வேண்டும். பிறகு அந்தக் கதிர் ஒரு குறிப்பிட்ட கலவையுள்ள மண்ணில் விழுந்தால் எந்த வரி எவ்வளவு வரும் என்று இயற்பியலின் அடிப்படை மாறிலிகளிலிருந்து கணக்கிட வேண்டும். ஒரு தனிமத்தின் கதிரைப் பக்கத்தில் உள்ள இன்னொரு தனிமம் விழுங்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே தீர்க்க வேண்டும், தனித்தனியாக முடியாது. கையால் எழுதத் தேவையில்லை, கிளாஸ் குழுவினரே எக்ஸ்ஸ்பெக்கில் சேர்த்துக்கொள்ளும்படி இந்தக் கணக்கு மாதிரியை (மாடல்) ஒரு நிரலாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆக்சிஜனை எடையில் 45 சதவீதம் என்று நிறுத்திவைத்துவிட்டு மற்றவற்றை விடுவித்து, மொத்தம் 100 வரும்படி கட்டிப்போடுங்கள்.

இன்னொரு விஷயம், சூரியனின் கதிர் மண்ணில் பட்டு ஒளிர்வை எழுப்புவதோடு நிற்பதில்லை, ஒரு பகுதி அப்படியே சிதறித் திரும்பியும் வருகிறது. சூரியனிலும் இரும்பு, சிலிக்கான், மெக்னீசியம் எல்லாம் உண்டே. ஆனால் அங்கே அவை கொதிநிலையில் எலெக்ட்ரான்களை இழந்து நிற்பதால் அவற்றின் வரிகள் கொஞ்சம் தள்ளி விழும். நிலவின் இரும்பு 6.4-ல், சூரியனின் இரும்பு 6.7-ல். நிலவின் சிலிக்கான் 1.74, சூரியனுடையது 1.86. சிதறலை மாதிரியில் சேர்க்க மறந்தால் சூரியனின் சிலிக்கானையும் நிலவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இரும்பு மேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், வலது தோளில் ஒரு புடைப்பு தெரிந்தால் அது அங்கிருந்து வந்தது.

பொருத்தும்போது ஆற்றல் வரம்பையும் சுடருக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சுடரில் 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வெறும் பின்னணிதான் இருக்கும், அதையும் சேர்த்துப் பொருத்தினால் நிரல் இல்லாத இரும்பைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். மேடு தெளிவாக இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் கோப்புகளைக் கூட்டுங்கள். பன்னிரண்டைக் கூட்டினால் தரவில் உள்ள தற்செயலான ஏற்ற இறக்கம் குறையும், ஆனால் உங்கள் சதுரம் 150 கிலோமீட்டர் நீளப் பட்டையாகிவிடும். எது முக்கியம் என்பது நீங்கள் தேடும் விஷயத்தைப் பொறுத்தது. பெரிய கடல்களின் எல்லையைத் தேடுபவர் கூட்டலாம், ஒரு பள்ளத்தின் உள்ளே பார்க்க நினைப்பவர் கூட்டக் கூடாது.

சதவீதமா, விகிதமா

விகிதம். அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் உள்ள விகிதம், மெக்னீசியத்துக்கும் சிலிக்கானுக்கும் உள்ள விகிதம், இந்த இரண்டையும் முதலில் போடுங்கள். மண் துகள்களின் பருமன், வெளிச்சத்தின் கோணம், சதுரத்துக்குள் விழுந்த நிழல் எல்லாமே மொத்த ஒளிர்வை ஏற்றியிறக்கும், ஆனால் ஆற்றலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிகளை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பாதிக்கும், அதனால் விகிதத்தில் பெரும்பகுதி அடிபட்டுப் போய்விடும். சிலிக்கான் நிலவில் எங்கே போனாலும் பெரிதாக மாறாது, எடையில் ஏறத்தாழ 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், வகுப்பதற்கு அதைவிடச் சிறந்த தனிமம் இல்லை.

எண் சரியாக வருகிறதா என்று பார்க்க அளவுகோல் இருக்கிறது. அப்பல்லோ 16 இறங்கிய மேட்டுநிலத்திலிருந்து கொண்டுவந்த மண்ணில் அலுமினியம்-சிலிக்கான் எடை விகிதம் 0.7-ஐ ஒட்டி இருக்கிறது. அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலில் அதில் ஏறத்தாழ பாதி, 0.36 அளவு. உங்கள் கணக்கில் மேட்டுநிலம் 0.4 என்று வந்தால் வரைபடம் போட உட்காராதீர்கள், திரும்பிப் போய் சூரிய நிறமாலையையும் பின்னணியையும் பாருங்கள்.

வரைபடமாக்குவது

ஒவ்வொரு கோப்பின் நான்கு மூலைகளையும் ஒரு பலகோணமாக்கி, விகிதத்தையும் அதன் பிழையளவையும் அதோடு ஒட்டி கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றுங்கள். நிலவின் ஆரம் 1737.4 கிலோமீட்டர் என்று வைத்த ஆயத்தொலை முறையைத் தேர்ந்தெடுங்கள், பூமிக்கானதை விட்டுவைத்தால் எல்லாம் இடம் மாறிவிடும். தீர்க்கரேகை சில கோப்புகளில் 0 முதல் 360 வரை, சில வரைபடங்களில் கழித்தல் 180 முதல் கூட்டல் 180 வரை இருக்கும், அதையும் ஒன்றாக்கிவிடுங்கள். அடியில் நாசாவின் நிலவுச் சுற்றுக்கலமான எல்ஆர்ஓவின் படத்தொகுப்பைப் போட்டால் எந்தப் பள்ளம் எது என்று தெரியும்.

பல கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில் சும்மா சராசரி எடுக்காமல், பிழை குறைவாக உள்ளதற்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்தப் பிரச்சினை குறைவு, அங்கே வேறு பிரச்சினை. கலம் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய இரண்டு மணிநேரம், அதற்குள் நிலவு கீழே ஒரு பாகைக்குச் சற்று மேல் திரும்பிவிடும், நடுக்கோட்டில் அது 33 கிலோமீட்டர். சதுரமோ 12.5. ஆகவே ஒரே மாதத்துத் தரவில் கோடுகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தே தீரும், அதிலும் சுடர் அடித்த நேரங்கள் மட்டும் என்றால் இன்னும் அதிகம். அந்த வெற்றிடங்களை மென்பொருள் நிறம் பூசி நிரப்பித் தரும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தரவு இல்லாத இடம் வெற்றிடமாகவே தெரியட்டும்.

துருவங்களில் கோடுகள் நெருங்கி வருவதால் கோப்புகள் குவியும், ஆனால் சூரியன் தொடுவானில் கிடப்பதால் ஒவ்வொன்றும் மங்கல். அங்கே எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சரிபார்க்க வேறு கண்கள்

எக்ஸ் கதிர் பார்ப்பது மண்ணின் மேல்தோலை மட்டும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழம். பல கோடி ஆண்டுகளாக விண்கற்கள் விழுந்து விழுந்து புரட்டிப்போட்டதால் மேல்மண் கீழே உள்ள பாறையை ஓரளவு பிரதிபலிக்கிறது, அந்த நம்பிக்கையில்தான் இதை மேலோட்டின் வரைபடம் என்று சொல்கிறோம். 1998, 1999-ல் சுற்றிய லூனார் ப்ராஸ்பெக்டர் காமா கதிரை வைத்துப் பல பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை பார்த்து இரும்பு, டைட்டானியம், தோரியம், பொட்டாசியம் வரைபடங்களைக் கொடுத்தது. 1994-ன் கிளெமென்டைன் கலத்தின் நிறப்படங்களிலிருந்து எடுத்த இரும்பு வரைபடமும் இருக்கிறது, அது உங்கள் சதுரத்தைவிட மிக மிக நுணுக்கமானது. உங்கள் இரும்பை இவை இரண்டோடும் ஒப்பிடுங்கள். ஆனால் மெக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் எக்ஸ் கதிர்தான் நேரடியான சாட்சி, இதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

தரையிலிருந்து வந்த புதிய சாட்சி ஒன்றும் இருக்கிறது. சந்திரயான்-3-ன் பிரக்யான் ரோவர் 2023-ல் தெற்கே 69 பாகைப் பக்கம் 103 மீட்டர் தூரத்தில் 23 இடங்களில் மண்ணை அளந்தது. மண் ஏறக்குறைய ஒரே சீராக, இரும்பு கலந்த அனார்த்தோசைட் கலவையில் இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மெக்னீசியம் கூடுதல். தென்துருவ-எய்ட்கென் என்ற மாபெரும் பள்ளம் உருவானபோது ஆழத்திலிருந்து வாரி இறைக்கப்பட்ட பொருள் அங்கே கலந்திருக்கலாம் என்று அந்தக் குழு சொல்கிறது. அந்த இடத்துக்கு மேல் கிளாஸ் போன கோப்புகளைத் தேடி எடுத்து, மெக்னீசியம்-சிலிக்கான் விகிதம் எப்படி வருகிறது, வடக்கே போகப்போகக் குறைகிறதா என்று பார்ப்பது நல்ல முதல் கேள்வி.

அது கடினம் என்று தோன்றினால் தெளிவுக் கடலின் (மாரே செரெனிடாடிஸ்) ஓரத்தைத் தாண்டும் ஒரு சுற்றை எடுங்கள், நல்ல சி வகைச் சுடர் ஒன்றோடு. சில கோப்புகளுக்குள்ளேயே கடல் முடிந்து மேட்டுநிலம் தொடங்கும், அலுமினியம் ஏறும், மெக்னீசியம் இறங்கும். அந்த ஒரு கோடு சரியாக வந்த பிறகு மற்றதைச் சேர்த்துக்கொண்டே போகலாம். வரைபடத்தை வெளியிடும்போது பக்கத்திலேயே பிழை வரைபடத்தையும், எந்தெந்தச் சுடர்களின் தரவை எடுத்தீர்கள் என்ற நேரப் பட்டியலையும், உங்கள் நிரலையும் சேர்த்துப் போடுங்கள். இன்னொருவர் உங்கள் சதுரங்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப அதுதான் வேண்டும்.